குழலி படித்த படிப்பு

மட்டுவார்குழலி பிசியோதெரபி படிக்கச் சேர்ந்தபோது அவளுடைய அம்மா காளியாயிக்கு அந்தப் பெயர் வாயில் நுழையவில்லை. காந்தி மார்க்கெட்டில் வாழை இலை வியாபாரம் செய்கிறவள் அவள். "பொண்ணு என்னக்கா படிக்குது?" என்று யாராவது கேட்டால், "கை கால் விழுந்தவங்களை நடக்க வைக்கிற படிப்பு" என்பாள். "அப்ப டாக்டரா?" என்று மேற்கொண்டு கேட்டால், "டாக்டரு மருந்து எழுதிக் குடுத்துட்டுப் போயிருவாரு. எம்பொண்ணு கூடவே நின்னு நடக்க வைக்கும்" என்று சொல்லிவிட்டு அடுத்த இலைக்கட்டை அவிழ்ப்பாள்.

டாக்டர் படிப்புக்குத்தான் குழலி ஆசைப்பட்டாள். நுழைவுத் தேர்வை மறுபடியும் எழுதிப் பார்த்தும் மதிப்பெண் எட்டவில்லை. முடிவு வந்த நாளில் சாப்பிடாமல் படுத்துக் கிடந்தவளைக் காளியாயி அன்று முழுக்க ஒன்றும் சொல்லவில்லை. மறுநாள் காலையில் போர்வையை உருவினாள். "அழுதது போதும். எந்தப் படிப்பு கிடைக்குதோ அதுல போய்ச் சேரு. அரைமனசாப் படிக்காதே, அது மட்டுந்தான் நான் கேக்குறது." அப்படித்தான் நான்கரை வருஷப் படிப்பில் குழலி வந்து விழுந்தாள்.

அவர்களுடைய வீடு ஸ்ரீரங்கத்தில் மேலூர்ப் பக்கம், வாழைத் தோட்டங்கள் ஆரம்பிக்கிற இடத்தில் இருந்தது. அப்பா பெரியண்ணன் லோடு ஆட்டோ ஓட்டுகிறவர். விடிவதற்கு முன்பே அவரும் காளியாயியும் தோட்டங்களில் அறுத்துக் கட்டிய இலையை ஏற்றிக்கொண்டு காவிரிப் பாலத்தைத் தாண்டிவிடுவார்கள். குழலி எழுந்து, அம்மா மூடி வைத்துவிட்டுப் போனதைச் சாப்பிட்டுவிட்டு, சத்திரம் பஸ் ஸ்டாண்டுக்கு வந்து அங்கிருந்து காலேஜ் பஸ் பிடிப்பாள்.

காளியாயிக்குக் கடையில் மூலதனமே குரல்தான். இலைக்கடை வரிசையில் அவள் விலை சொன்னால் வெங்காய மண்டி வரைக்கும் கேட்கும். கல்யாண சமையல்காரர்கள் ஆட்டோவை விட்டு இறங்காமலேயே அவளிடம் பேரம் பேசி முடிப்பார்கள். பெரியண்ணன் அதிகம் பேசாதவர். வீட்டில் இருவருக்கும் சேர்த்து அவளே பேசினாள்.

முதல் இரண்டு வருஷமும் எலும்பு, தசை, மூட்டு என்று போயிற்று. வகுப்பில் படித்ததையெல்லாம் குழலி அம்மாவின் உடம்பில்தான் பழகிப் பார்ப்பாள். மூட்டு எவ்வளவு தூரம் மடங்குகிறது என்று அளக்கும் பிளாஸ்டிக் கருவியைத் தோளில் வைத்துக்கொண்டு, கையைத் தூக்கு, இறக்கு, பின்னால் கொண்டுபோ என்பாள். "ஏண்டி, ஒங்க காலேஜ்ல பொம்மை இல்லையா? கெடச்சது நாந்தானா?" என்று சலித்துக்கொள்வாள் காளியாயி. மறுநாள் மார்க்கெட்டில் அதையே பெருமையாகச் சொல்வாள். "எந்தோளு நூத்தியெம்பது டிகிரி தூக்குதாம். சின்னப் பசங்களுக்கே அவ்வளவு தூக்காதாம்."

மூன்றாம் வருஷத்தில் நரம்பியல் பாடம் வந்தது. அந்த ஆடி மாதத்தில்தான் காளியாயியின் பேச்சு லேசாகக் குழறத் தொடங்கியிருந்தது.

முதலில் யாரும் அதைப் பெரிதாக எடுத்துக்கொள்ளவில்லை. அவளுக்கு வெற்றிலை போடுகிற பழக்கம் உண்டு. வாயில் வெற்றிலையை வைத்துக்கொண்டு பேசுகிறாள் என்று நினைத்தார்கள். அவளே சந்தேகப்பட்டு வெற்றிலையை விட்டாள். பல் டாக்டரிடம் போனாள். அவர் ஆடிக்கொண்டிருந்த கடைவாய்ப் பல் ஒன்றைப் பிடுங்கிவிட்டு, இனிமேல் சரியாகிவிடும் என்றார். ஆகவில்லை. தண்ணீர் குடித்தால் புரையேறியது. 'ல' வரவில்லை, 'ர' வரவில்லை. இலை என்கிற சொல்லே அவள் வாயிலிருந்து வேறு ஏதோ ஒன்றாக வந்தது.

உறையூரில் மெஸ் நடத்துகிற ஒருவர் வருஷக்கணக்காக அவளிடம்தான் இலை வாங்குவார். அவர் ஒருநாள் அவளைத் தாண்டிப் போய்ப் பக்கத்துக் கடை வீரமலையிடம் வாங்கினார். அதற்கடுத்த நாளும் அப்படியே. என்னவென்று விசாரித்த பெரியண்ணனிடம் ஒரு சுமைக்காரர் தயங்கித் தயங்கிச் சொன்னார். "வீரமலைதான் சொல்லிக்கிட்டுத் திரியிறாப்ல. அக்கா இப்பல்லாம் காலையிலயே தண்ணி போட்டுட்டுத்தான் கடைக்கு வருதுன்னு."

பெரியண்ணன் அதை வீட்டில் சொல்லவில்லை. ஆனால் மார்க்கெட்டில் ஒரு பேச்சு நெடுநேரம் மறைவாக இருக்காது. காளியாயி காதுக்கும் அது வந்து சேர்ந்தது. அன்று மத்தியானம் வீட்டுக்கு வந்தவள் குளிக்காமல், சாப்பிடாமல், சுவரைப் பார்த்துப் படுத்துக்கொண்டாள். குழலி வந்து கேட்டதற்கு, தலைவலி என்று கையால் காட்டினாள். அசதி, ரத்தக் குறைவு, தூக்கம் போதவில்லை என்றெல்லாம் குழலி தனக்குத் தானே காரணம் சொல்லிக்கொண்டாள்.

ஒரு ஞாயிற்றுக்கிழமை. மறுநாள் குழலிக்குச் செய்முறைத் தேர்வு. மூளையிலிருந்து முகத்துக்கும் தொண்டைக்கும் வருகிற நரம்புகளை ஒவ்வொன்றாகச் சோதித்துக் காட்ட வேண்டும். சாப்பாடு முடிந்ததும் அம்மாவைப் பின்வாசலில் பிளாஸ்டிக் நாற்காலியில் உட்காரவைத்து டார்ச்சோடு எதிரே அமர்ந்தாள். காப்பித்தூளை முகரச் சொன்னாள். விரலை நகர்த்திக் கண்ணால் பின்தொடரச் சொன்னாள். புருவத்தைத் தூக்கு, பல்லைக் காட்டு, கன்னத்தை உப்பு. கன்னத்தை உப்பியபோது உதட்டோரம் காற்று கசிந்தது. குழலி அதைக் கவனித்தாள். ஆனாலும் வரிசையை விடாமல் கடைசி நரம்புக்கு வந்தாள்.

"நாக்க நீட்டும்மா."

நாக்கு உதட்டைத் தாண்டி முழுசாக வரவில்லை. ஓரங்கள் சூம்பியிருந்தன.

"சரி, உள்ள வச்சுக்க. சும்மா வாயத் தொறந்து வையி. நாக்க அசைக்காதே."

டார்ச்சை அருகே கொண்டுபோனாள். அசையாமல் கிடந்த நாக்கின் மேல்பரப்பு முழுக்கச் சின்னச் சின்னதாகத் துடித்துக்கொண்டிருந்தது. குளத்துத் தண்ணீர் மேல் தூறல் விழுகிற மாதிரி. அங்கே துடித்து அடங்குவதற்குள் இங்கே. புத்தகத்தில் இதற்கென்று ஒரு பத்தி இருந்தது. அபூர்வமாக வருவது, பரீட்சையில் சின்னக் கேள்வியாகத்தான் கேட்பார்கள் என்று வகுப்பில் சொல்லியிருந்ததால் குழலி அதை வேகமாகப் படித்துத் தள்ளியிருந்தாள். இப்போது அதன் ஒவ்வொரு வரியும் ஞாபகத்துக்கு வந்தது. பேச்சில் ஆரம்பித்தால் எவ்வளவு வேகமாகப் போகும் என்பதும் அந்தப் பத்தியிலேயே இருந்தது.

டார்ச்சை அணைத்தாள். அம்மாவின் கைகளை எடுத்து மடியில் வைத்துப் பார்த்தாள். கட்டைவிரல் அடியில் மேடாக இருக்க வேண்டிய சதை, இரண்டு கையிலும் தட்டையாக இருந்தது.

"என்ன, நல்லாருக்கா?" என்றாள் காளியாயி, குழறிக் குழறி.

"நல்லாருக்கும்மா."

மறுநாள் தேர்வில் குழலி தடுமாறாமல் செய்தாள். பரீட்சைக்கு வந்தவர் பாராட்டினார். வெளியே வந்ததும் தோழி இக்ராவின் கையைப் பிடித்துக்கொண்டு கேன்டீனுக்குப் பின்னால் போய் விஷயத்தைச் சொன்னாள். இக்ராவும் அதே பத்தியைப் படித்தவள்தான். "வேற ஏதாவதா இருக்கும் குழலி. நம்ம ஸ்டூடன்ட்ஸ், நமக்கு என்ன தெரியும்?" என்று சொல்லிப் பார்த்தாள். சொல்லும்போதே அவள் கண் கலங்கிவிட்டது.

பெரியாஸ்பத்திரி நரம்பியல் பிரிவில் பல வாரம் அலைந்தார்கள். ஸ்கேன் எடுத்தார்கள். தசைகளில் ஊசி குத்தி அவற்றின் மின்னோட்டத்தைப் பார்த்தார்கள். எல்லாம் முடிந்து டாக்டர் கூப்பிட்டபோது, உள்ளே காளியாயியும் குழலியும் மட்டும் இருந்தார்கள். பெரியண்ணன் வண்டியை நிறுத்த இடம் தேடிக்கொண்டிருந்தார்.

"நீங்க என்ன படிக்கிறீங்க?" என்று டாக்டர் கேட்டார். குழலி சொன்னாள். உடனே அவர் ஆங்கிலத்துக்கு மாறிவிட்டார். நிதானமாக, கனிவாகத்தான் பேசினார். அசைவுக்கான நரம்புச் செல்கள் ஒவ்வொன்றாகச் செத்துக்கொண்டிருக்கின்றன. நிறுத்த மருந்து இல்லை. அறிவும் நினைவும் கடைசிவரை தெளிவாக இருக்கும். கொஞ்சம் மெதுவாக்க ஒரு மாத்திரை எழுதுகிறேன்.

காளியாயி இரண்டு பேர் முகத்தையும் மாறி மாறிப் பார்த்தாள். திடீரென்று சிரிக்க ஆரம்பித்தாள். அடக்க முடியாத சிரிப்பு. வயிறு குலுங்கிற்று, கண்ணில் நீர் வந்தது, முந்தானையால் வாயைப் பொத்தியும் நிற்கவில்லை. வெளியே காத்திருந்தவர்கள் எட்டிப் பார்த்தார்கள். அப்போது உள்ளே வந்த பெரியண்ணன் அவள் சிரிப்பதைப் பார்த்து, நல்ல செய்தி போல என்று தானும் சிரித்தபடி, "என்ன சொன்னாங்க பாப்பா?" என்று கேட்டார். அந்தச் சிரிப்பும் நோய்தான் என்று அவருக்கு எப்படிச் சொல்வதென்று குழலிக்குத் தெரியவில்லை.

அப்பாவிடம் அன்று சாயங்காலம் சொன்னாள். அம்மாவிடம், நரம்பு பலவீனம், மாத்திரை சாப்பிட வேண்டும், பயிற்சி செய்ய வேண்டும் என்று மட்டும் சொன்னாள். பயிற்சி என்பது அவளாகச் சேர்த்துக்கொண்டது. மூன்று வருஷம் படித்து ஒன்றும் செய்யாமல் கையைக் கட்டிக்கொண்டு உட்கார முடியுமா? ரப்பர் பந்தை அழுத்தச் சொன்னாள். தண்ணீர் பாட்டிலைத் தூக்கி இறக்கச் சொன்னாள். காலையும் மாலையும் பக்கத்தில் நின்று, இன்னும் ஒரு தடவை, இன்னும் ஒரு தடவை என்றாள். காளியாயி பல்லைக் கடித்துக்கொண்டு செய்தாள். பெண்ணின் படிப்பின் மேல் அவளுக்கு அவ்வளவு நம்பிக்கை. ஒரு மாதத்தில் அவளுக்குச் சேலைக் கொசுவத்தைச் செருகக்கூட விரலில் தெம்பில்லாமல் போனது.

குழலி பாடம் நடத்துகிற மைதிலி மேடத்திடம் போய், இன்னும் என்ன பயிற்சி கொடுக்கலாம் என்று கேட்டாள். கொடுத்தவற்றை ஒவ்வொன்றாகச் சொன்னாள். மைதிலி மேடம் முழுவதையும் கேட்டார்.

"நிறுத்திடும்மா. இருக்கிற கொஞ்ச நரம்பும் இதுல களைச்சுப் போயிடும். மூட்டு இறுகாம மெதுவா அசைச்சு விடு. நல்லா சாய்ச்சு உக்கார வை. மூச்சுக்கு என்ன பண்ணணும்னு கத்துக்கோ. அவ்வளவுதான்."

"அப்ப நான் பண்ணினதால..."

"அதனாலதான்னு யாராலயும் சொல்ல முடியாது. வீட்டுக்குப் போ."

அந்தப் பதில் இல்லை என்பதாகவும் இல்லை, ஆமாம் என்பதாகவும் இல்லை. இன்றைக்கும் குழலிக்கு அது உறுத்துகிறது.

அன்று வீட்டுக்குப் போய் ரப்பர் பந்தை எடுத்து அலமாரிக்குள் போட்டாள். காளியாயி அதைப் பார்த்தாள். பக்கத்தில் வந்து உட்காரச் சொன்னாள். அப்போது அவள் பேச்சு வீட்டில் உள்ளவர்களுக்கு மட்டும்தான் புரியும்.

"நா கேக்குறதுக்கு மட்டும் பதில் சொல்லு. பேச்சு திரும்பி வருமா?"

குழலி தரையைப் பார்த்தாள். "வராதும்மா."

"கையி?"

"வராது."

காளியாயி தலையை ஆட்டிக்கொண்டாள். அதற்கு மேல் கேட்கவில்லை. "நாளைக்கு லீவு போடு. என்னோட மார்க்கெட்டுக்கு வா" என்றாள்.

மறுநாள் காலை இலைக்கடை வரிசையில் வியாபாரம் சூடாக இருந்த வேளையில் காளியாயி நேரே வீரமலையின் கடை முன்னால் போய் நின்றாள். தன் பக்கத்தில் குழலியை நிறுத்திக்கொண்டாள். பேச ஆரம்பித்தாள். யாருக்கும் ஒரு எழுத்துகூட விளங்கவில்லை. அவள் குழலியைப் பார்த்து, சொல்லு என்று கண்ணைக் காட்டினாள்.

குழலிக்குக் கூச்சமாக இருந்தது. தொண்டையைச் செருமிக்கொண்டு, அம்மா சொல்லச் சொல்ல உரக்கச் சொன்னாள்.

"வீரமலை, எம் மூஞ்சியப் பாத்துக் கேளு. நான் குடிச்சிட்டு வந்ததை எப்படா பாத்தே? ஒனக்கு மஞ்சக்காமாலைன்னு படுத்தப்ப ஒங்கடைக்கும் சேத்து நாந்தானே ஏவாரம் பாத்தேன். எனக்கு நாக்கு செத்துப் போச்சு. குடியில செத்துப் போவலை. நோயில செத்துப் போச்சு. இந்தா நிக்கிறாளே, எம்பொண்ணு, இவதான் அதைக் கண்டுபிடிச்சா. நீ யார் யார்கிட்ட சொன்னியோ அத்தனை பேர்கிட்டயும் போய் நீயே மாத்திச் சொல்லணும்."

வரிசையே வேலையை நிறுத்திவிட்டுப் பார்த்தது. வீரமலை தோள் துண்டைக் கையில் எடுத்தபடி தலையைத் தொங்கப் போட்டுக்கொண்டான். "தெரியாமச் சொல்லிட்டேங்க்கா. மன்னிச்சிருங்க" என்றான். காளியாயி இன்னும் ஏதோ சொல்ல வாயெடுத்தாள். அந்த நேரம் பார்த்து அந்தச் சிரிப்பு வந்துவிட்டது. அடக்க அடக்கப் பொங்கிக்கொண்டு வந்தது. சுற்றி நின்றவர்களும் சிரித்தார்கள். "அக்கா மனசே மனசு, அப்பவே மறந்துருச்சு பாரு" என்றார் ஒருவர். வீரமலையும் தைரியமாகி, கண்ணைத் துடைத்துக்கொண்டு சிரித்தான்.

திரும்பி வரும்போது வண்டியில் காளியாயி பெண்ணின் தோளில் முகத்தைப் புதைத்துக்கொண்டு அழுதாள். அவள் வீரமலையை மன்னிக்கவே இல்லை. கடைசிவரை மன்னிக்கவில்லை. அது குழலிக்கு மட்டும்தான் தெரியும்.

அதன்பிறகு காளியாயி மார்க்கெட்டுக்குப் போகவில்லை. கைகள் தொங்கின. கழுத்து நிற்காமல் தலை முன்னால் சாய்ந்தது. சாப்பாட்டைக் குழைத்துக் கொடுத்தாலும் புரையேறியதால் மூக்கு வழியாகக் குழாய் போட்டார்கள். ஒரு வருஷம் படிப்பை நிறுத்திவிடுகிறேன் என்று குழலி சொன்னபோது, காளியாயி இரண்டு நாள் கண்ணைத் திறந்து அவளைப் பார்க்க மறுத்துவிட்டாள். குழலி வழிக்கு வந்தாள். பெரியண்ணன் விடியற்காலை லோடு நடையை மட்டும் ஓட்டிவிட்டு வந்து பகலெல்லாம் மனைவியோடு இருந்தார். திருப்பிப் படுக்க வைப்பது, குழாயில் கஞ்சி விடுவது, எச்சிலை உறிஞ்சி எடுப்பது எல்லாவற்றையும் குழலி அவருக்குக் கற்றுக்கொடுத்தாள். ஸ்டியரிங் பிடித்துக் காய்த்துப்போன அந்தக் கைகள் அவ்வளவு மெதுவாக வேலை செய்யும் என்று அவள் நினைத்ததே இல்லை.

இக்ரா வாரத்தில் ஒருநாள் வருவாள். காளியாயியின் தலையை வாரிப் பின்னிவிட்டபடி காலேஜ் கதையெல்லாம் சொல்வாள். யார் யாரோடு சண்டை, எந்தப் புரொபசர் எப்படி நடப்பார் என்று நடித்துக் காட்டுவாள். "ஒங்களுக்குத் தினமும் தொழுகையில துஆ கேக்குறேன் ஆன்ட்டி" என்று கிளம்பும்போது சொல்வாள். அவள் வருகிற நாளில் காளியாயியின் கண்கள் காலையிலிருந்தே வாசல் பக்கம் இருக்கும்.

கண்கள் மட்டும்தான் கடைசியில் அவள் சொன்னபடி கேட்டன. மேலே பார்த்தால் ஆமாம், பக்கவாட்டில் பார்த்தால் இல்லை. குழலி ஒரு அட்டையில் எழுத்துகளைப் பெரிதாக எழுதி, ஒவ்வொன்றாகத் தொட்டுக் காட்டுவாள். ஒரு சொல் சேர்க்கப் பொறுமை வேண்டும்.

இறுதித் தேர்வு முடிந்து குழலி ஆஸ்பத்திரிப் பயிற்சியில் இருந்தாள். மூச்சு இனிமேல் குறையும், தொண்டையில் துளை போட்டு மெஷின் வைத்தால் இன்னும் கொஞ்ச காலம் ஓட்டலாம், வீட்டில் பேசி முடிவு செய்துகொள்ளுங்கள் என்று டாக்டர் சொல்லியிருந்தார். அப்பா லோடு இறக்கப் போயிருந்த ஒரு காலையில் அம்மா அட்டையைக் கேட்டாள். குழலி எழுத்துகளைத் தொட்டுக்கொண்டே போனாள். 'ஓட்டை வேண்டாம்' என்று வந்தது. பிறகு, 'ஆஸ்பத்திரி வேண்டாம்.'

"மூச்சு முட்டினா கூடவா?"

கண்கள் மேலே போயின.

"அப்பா சம்மதிக்க மாட்டாரும்மா."

கண்கள் அப்படியே மேலேயே நின்றன. பிறகு அவளையே பார்த்தன. நீதான் அவரைத் தடுக்க வேண்டும் என்கிறாள் என்று புரிந்துகொள்ளக் குழலிக்கு எழுத்து தேவைப்படவில்லை.

அவள் அப்பாவிடம் சொன்னாள். பெரியண்ணன் எழுந்து வெளியே போய்விட்டார். மறுபடி எடுத்தபோதெல்லாம், "அப்பப் பாத்துக்கலாம்" என்றார். வலி தணிக்கிற சிகிச்சைக்காக வீட்டுக்கு வந்துபோன விஜயராணி சிஸ்டர், மூச்சுத் திணறலுக்குக் கொடுக்க வேண்டிய மருந்தை விளக்கிச் சொல்லி, தன் நம்பரையும் கொடுத்துவிட்டுப் போனார்.

தை மாதம். பொங்கல் முடிந்திருந்தது. ஒரு நாள் காலையில் பால் காய்ச்சிக்கொண்டிருந்த குழலிக்கு அம்மாவின் மூச்சுச் சத்தம் மாறியிருப்பது கேட்டது. கழுத்துத் தசைகள் மட்டும் இழுத்துக்கொண்டிருந்தன. நெஞ்சு அசையவில்லை. சிஸ்டர் சொன்ன மருந்தைக் கொடுத்தாள். முதுகுக்குத் தலையணை வைத்து நிமிர்த்திச் சாய்த்தாள். பெரியண்ணன் பார்த்தார். ஓடிப்போய் லோடு ஆட்டோவை வாசலுக்குக் கொண்டுவந்தார். பின்னால் பாய் விரித்தார்.

"தூக்கு பாப்பா. காலப் பிடி."

"அப்பா, அம்மா வேண்டாம்னு சொல்லியிருக்கு."

"அவ ஆயிரம் சொல்லுவா. தூக்கு."

"நான் தூக்க மாட்டேம்ப்பா."

பெரியண்ணன் அவளை நிமிர்ந்து பார்த்தார். குரலை உயர்த்தவில்லை. "ஊரு பேரு தெரியாதவங்களுக்கெல்லாம் மூச்சு வர வைக்கப் போறே. பெத்தவளுக்கு மாட்டேங்கிற. இதுக்குத்தான் படிச்சியா?"

குழலி அம்மாவின் முகத்துக்கு நேரே குனிந்தாள். "அம்மா, அப்பா வண்டி கொண்டாந்திருக்காரு. ஆஸ்பத்திரிக்குப் போவமா?"

கண்கள் மெதுவாகப் பக்கவாட்டில் நகர்ந்தன.

"பாத்தீங்களாப்பா?"

"அவளுக்கு நெனப்பு இல்லை" என்றார் பெரியண்ணன். ஆனால் அவருடைய கால்கள் அங்கேயே நின்றுவிட்டன. பிறகு வெளியே போய், வண்டியின் பின்பலகையில், விரித்த பாயின் மேல் உட்கார்ந்துகொண்டார்.

குழலி கட்டிலில் ஏறி அம்மாவுக்குப் பின்னால் உட்கார்ந்து, தன் நெஞ்சில் சாய்த்துக்கொண்டாள். இரண்டு உள்ளங்கைகளையும் விலாவின் மேல் பரப்பி வைத்தாள். வார்டில் நோயாளிகளுக்குச் செய்வதுதான். மூச்சு போகும்போது லேசாக அழுத்தம், வரும்போது விடுவது. மருந்து வேலை செய்ய ஆரம்பித்த பிறகு கழுத்து இழுப்பது தணிந்தது. கைகளுக்கு அடியில் அசைவு சிறுத்துக்கொண்டே வந்தது. தோட்டத்துப் பக்கம் யாரோ இலை அறுத்துக்கொண்டிருந்தார்கள். மத்தியானம் ஆவதற்கு முன்னால் கைகளுக்கு அடியில் ஒன்றும் இல்லை. அதற்கப்புறமும் நெடுநேரம் அவள் கையை எடுக்கவில்லை.

கொள்ளிடக் கரையில் காரியம் நடந்தது. மார்க்கெட்டிலிருந்து நிறைய பேர் வந்தார்கள். வீரமலைதான் ஓடியாடி வேலை செய்தான். பெரியண்ணன் எல்லோரிடமும் இரண்டொரு வார்த்தை பேசினார், பெண்ணிடம் மட்டும் பேசவில்லை. காரியமெல்லாம் முடிந்து உறவுக்காரர்கள் போன பின்னும் பேசவில்லை. சாப்பாடு போட்டால் சாப்பிட்டார். மற்றபடி பக்கத்து வீட்டுப் பையனைவிட்டு, "அப்பா வர நேரமாகுமாம்" என்று சொல்லி அனுப்புவார்.

குழலி பயிற்சிக்குத் திரும்பிய முதல் வாரத்தில் அவளை நெஞ்சு நோய் வார்டில் போட்டார்கள். பொன்மலை ரயில்வே பட்டறையில் வேலை பார்த்து ஓய்வு பெற்ற ஜேக்கப் என்பவர் நிமோனியாவோடு படுத்திருந்தார். சளியை இருமி வெளியேற்ற உதவி செய்ய வேண்டும். குழலி போய் அவர் விலாவின் மேல் கைகளை வைத்தாள். அதற்கு மேல் கை நகரவில்லை. மூச்சு உள்ளே வருவதும் போவதும் உள்ளங்கையில் தெரிந்தது. அது நின்றுவிடுமோ என்று அவள் காத்துக்கொண்டிருந்தாள். "என்னம்மா, ஒடம்பு சரியில்லையா?" என்று அந்த நோயாளியே கேட்டார். இக்ரா வந்து அவளை நகர்த்திவிட்டு வேலையை முடித்தாள்.

பல நாள் அப்படித்தான் இருந்தது. மற்ற வேலையெல்லாம் செய்வாள். நெஞ்சில் கை வைக்க வேண்டுமென்றால் இக்ராவைக் கூப்பிடுவாள். இக்ராவை வேறு பிரிவுக்கு மாற்றியபோது கூப்பிட ஆள் இல்லை. ஒரு கைக்குழந்தைக்கு மூச்சுத் திணறல். அந்தத் தாய் பக்கத்தில் நின்று இவள் முகத்தையே பார்த்துக்கொண்டிருந்தாள். குழலி கை வைத்தாள். செய்தாள். முடித்துவிட்டுப் படிக்கட்டில் போய் உட்கார்ந்து அழுதாள். அம்மா போன அன்றுகூட அப்படி அழவில்லை.

பட்டம் கிடைத்தது. தில்லை நகரில் ஒரு கிளினிக்கில் வேலை கிடைத்தது. சாயங்காலங்களில் ஸ்ரீரங்கத்தில் வீடு வீடாகப் போய், பக்கவாதம் வந்தவர்களையும் இடுப்பெலும்பு முறிந்தவர்களையும் நடக்கப் பழக்குகிறாள். பெரியண்ணன் இப்போது வீரமலைக்கு இலை ஏற்றுகிறார். அதைக் கேட்டபோது குழலிக்கு மனசு எரிந்தது. ஆனால் கேட்பதற்குப் பேச்சு வேண்டுமே.

வருஷ திதி கொடுத்துவிட்டு வந்த அன்று சாயங்காலம் அவர் கூடத்தில் உட்கார்ந்திருந்தார். குழலி தட்டு வைத்துச் சோறு போட்டாள்.

"ஆஸ்பத்திரி வேண்டாம்னு அவ கேட்டப்ப நான் எங்க இருந்தேன்?" என்றார் திடீரென்று.

குழலி கரண்டியோடு நின்றாள். "லோடு இறக்கப் போயிருந்தீங்கப்பா."

"நான் இல்லாத நேரம் பாத்துத்தான் கேட்டாளா?"

"ஆமாப்பா."

அவர் சோற்றைப் பிசைந்தபடி இருந்தார். "எங்கிட்ட கேட்டிருந்தா மாட்டேன்னு சொல்லியிருப்பேன். அது அவளுக்குத் தெரியும்." மறுபடி சொன்னார். "இன்னிக்குக் கேட்டாலும் மாட்டேன்னுதான் சொல்லுவேன்."

"தெரியும்ப்பா."

"மெஷின் வச்சு இருந்திருக்கலாம். நான் பாத்துட்டிருந்திருப்பேன்."

குழலிக்கு, ஏதாவது சொன்னால் அவர் எழுந்து போய்விடுவார் என்று பயமாக இருந்தது. அவர் எழுந்து போகவில்லை. ரசம் கேட்டார். ஊற்றினாள். சாப்பிட்டு முடித்துக் கை கழுவிவிட்டு, "நீயும் சாப்புடு, மணியாச்சு" என்று சொல்லிவிட்டுப் படுக்கப் போனார்.

அவள் அவர் உட்கார்ந்திருந்த இடத்திலேயே உட்கார்ந்து சாப்பிட்டாள்.